விடிகாலையில் கிளம்பாத ஹைலக்ஸ்
வாகனக் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்கிறேன். லீக்ஸ், கரட் ஏற்றுவதற்காகப் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் ஒன்றைக் கொழும்பில் வாங்கினேன். 2.8 லிட்டர், 3எல் எஞ்சின். அங்கே ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. இங்கே விடிகாலை நான்கு மணிக்கு எடுத்தால் எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்கிறது, பின்னால் வெள்ளைப் புகை கொட்டுகிறது, பற்றுவதில்லை. சாவி போட்டதும் சுருள் படம் போட்ட மஞ்சள் லைட் எரியும். எரிந்த வேகத்திலேயே அணைந்துவிடும். சாவியை மூன்று முறை போட்டு அணைத்துவிட்டு எடுத்தால் ஒருவழியாகக் கிளம்பும். கிளம்பியும் இரண்டு நிமிடம் வண்டியே நடுங்கும். வெயில் ஏறிய பிறகு எடுத்தால் உடனே ஸ்டார்ட். ஒரு கராஜ் பாஸ், டீசல் பம்பைக் கழற்றி ஓவர்ஹோல் செய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர் நான்கு ஹீட்டர் பிளக்கையும் மாற்றச் சொல்கிறார். விற்றவரோ பிளக் எல்லாம் அண்மையில்தான் மாற்றினேன் என்கிறார். பட்டரி புதியது. யார் சொல்வதைக் கேட்பது?
— மரக்கறி விவசாயி, கந்தப்பளை

பதில்: பம்பை இப்போதைக்கு யாரையும் தொட விடாதீர்கள். வெள்ளைப் புகை என்பது எரியாத டீசல். சுழற்றும்போதே அது வருகிறதென்றால் பம்ப் டீசலை அனுப்புகிறது, இன்ஜெக்டர் அதை உள்ளே தெளிக்கிறது, பற்றவைக்கும் சூடுதான் இல்லை. எவ்வளவு சுழற்றியும் புகையே வராவிட்டால்தான் டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டும்: பம்பில் இருக்கும் கட்-ஆஃப் சொலனாயிட், அடைத்துக்கொண்ட பில்டர், காற்று இழுக்கும் குழாய். அதுமட்டுமல்ல, தேய்ந்த பம்ப் பெரும்பாலும் எஞ்சின் சூடான பிறகுதான் தகராறு செய்யும். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளிகளில் கசிந்து, அழுத்தம் போதாமல் போகும். உங்கள் வண்டி நடந்துகொள்வது இதற்கு நேர்மாறாக.

கொழும்பில் குறை தெரியாததில் வியப்பில்லை. உங்கள் எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டன் தலையில் தெளிக்கப்படுவதில்லை. சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய சுழல் அறைக்குள் தெளிக்கப்படுகிறது. பிஸ்டன் காற்றை 22 மடங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே அமுக்கினாலும், குளிர்ந்த அறைச் சுவர் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு ஹீட்டர் பிளக் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கொழும்பு வெக்கையில் பிளக் சரியாக வேலை செய்யாவிட்டாலும் கொஞ்சம் கூடுதலாகச் சுழற்றினால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். ஓட்டுபவர் கவனிக்கவே மாட்டார். உங்களுக்குப் பக்கத்திலுள்ள நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் சில விடிகாலைகளில் புல்லில் உறைபனி படியும் ஊர். காற்றழுத்தமும் அங்கே கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், ஆகவே சிலிண்டருக்குள் அமுக்கக் கிடைக்கும் காற்றும் குறைவு. கொழும்பில் மறைந்திருந்த பழுது உங்கள் ஊரில் முதல் நாளே வெளியே வந்துவிடும். மலைக்கு வண்டி வாங்குபவர்கள் அதை இரவு முழுக்க நிறுத்திவைத்து, விடிகாலையில் தாங்களே ஸ்டார்ட் செய்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

இப்போது அந்த மஞ்சள் லைட்டுக்கு வருவோம். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். லைட் அணைந்தால் பிளக் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த லைட்டுக்குப் பிளக்கைப் பற்றி எதுவும் தெரியாது. எஞ்சின் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்து, பிளக்கைச் சூடாக்க இத்தனை விநாடி போதும் என்று அதற்குரிய டைமர் கணக்குப் போடுகிறது. அந்த விநாடிகளை மட்டும்தான் லைட் காட்டுகிறது. நான்கு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் அது ஒழுங்காக எரிந்து அணையும்.

சாவியை மூன்று முறை போட்டால் கிளம்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி. பிளக் எல்லாம் செத்திருந்தால் முப்பது முறை போட்டாலும் பயன் இருக்காது. ஆகவே மின்சாரம் பிளக்கிற்குப் போகிறது, சில பிளக்குகளாவது சூடாகின்றன, சூடாகக் கிடைக்கும் நேரம்தான் போதவில்லை. குளிரில் கிடந்த எஞ்சினில் லைட் எரிந்த வேகத்தில் அணைவதும் அதையே சொல்கிறது. எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக டைமர் நினைக்கிறது. எனக்கு முதல் சந்தேகம் தண்ணீர் வெப்ப சென்சர் மீதும் அதன் வயர் மீதும்தான்.

இதைச் சோதிக்க ஒரு ரூபாயும் செலவில்லை. விடிகாலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, டைமருக்குப் போகும் அந்தச் சென்சரின் கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சாவி போடுங்கள். குளிரில் இந்தச் சென்சரின் மின்தடை அதிகம், சூட்டில் குறைவு. கழற்றிவிட்டால் டைமர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு லைட்டை நீண்ட நேரம் எரியவிட வேண்டும். அப்படி எரிந்து, வண்டியும் முதல் முறையிலேயே கிளம்பினால் சென்சரை மாற்றுங்கள். கழற்றியும் லைட் பழையபடி உடனே அணைந்தால் டைமரை அல்லது இடையில் தேய்ந்து உரசும் வயரைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் வெப்ப மீட்டருக்குப் போகும் சென்சரும் இருக்கலாம். இரண்டையும் மாற்றிப் பிடித்துவிடாதீர்கள்.

ஆனால் அந்த இரண்டு நிமிட நடுக்கத்தைச் சென்சர் பழுது முழுவதும் விளக்காது. ஒன்றிரண்டு சிலிண்டர் பற்றாமல் மற்றவை இழுக்கும்போதுதான் வண்டி அப்படி நடுங்கும். எனவே பிளக்குகளையும் அளந்துவிடுங்கள். அளந்துவிட்டு வாங்குங்கள், வாங்கிவிட்டு அளக்காதீர்கள்.

பொனட்டைத் திறந்தால் சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் நான்கு பிளக் தலைகளையும் இணைத்துக்கொண்டு ஓர் உலோகப் பட்டை ஓடும். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை அந்தப் பட்டையிலும் கறுப்பு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். முதல் விநாடிகளில் பட்டரியின் அளவுக்குக் கிட்டத்தட்ட வோல்ட் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் பட்டரி அருகிலுள்ள பெரிய பியூஸ், ரிலே, டைமர் என்ற வரிசையில் தேடுங்கள். காட்டுகிறது, ஆனால் இரண்டு மூன்று வோல்ட் குறைகிறது என்றால் வழியில் எங்கோ துரு அல்லது கருகிய ரிலே. ரிலே 'டக்' என்று சத்தம் போடுவதால் அது நல்லது என்று ஆகாது. சத்தம் வரும், உள்ளே கருகிய முனைகள் மின்சாரத்தை விடாது. ரிலேக்குள் போகும் வோல்ட்டையும் வெளியே வரும் வோல்ட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து பட்டையைக் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் பிளக்கைச் சோதிப்பவர்களை நம்ப வேண்டாம், ஏனென்றால் பட்டை இருக்கும்வரை நான்கும் ஒன்றாகவே அளவு காட்டும். செத்தது நல்லதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நட்டுகள் மிகச் சிறியவை, கீழே விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு. பட்டை வெளியே வந்ததும் ஒரு டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பட்டரியின் பிளஸ் முனையில் மாட்டி, அதன் கூர்முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். லைட் எரியாத பிளக் செத்தது. மல்டிமீட்டரில் பார்த்தால் நல்ல பிளக் ஓம் அளவில் ஒன்றுக்கு அக்கம்பக்கம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

லைட் எரிந்தாலும் பிளக் சூடாக வேண்டிய இடத்தில் சூடாகிறதா என்பது தெரியாது. சந்தேகமிருந்தால் கழற்றி வெளியே பாருங்கள். பிளக்கை வைஸில் இறுக்கி, பட்டரியிலிருந்து தடித்த வயரில் மின்சாரம் கொடுத்தால் நுனி முதலில் சிவக்க வேண்டும். நடுவில் முதலில் சிவந்தாலோ நுனி வீங்கியிருந்தாலோ அதைத் திரும்ப மாட்டாதீர்கள். கையில் பிடிக்கவே கூடாது. மூன்று நான்கு விநாடிக்கு மேல் மின்சாரமும் கொடுக்கக் கூடாது.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். முதல் நாள் இரவே பிளக்கைச் சுற்றித் துரு நீக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது குட்டை ராட்செட்டால் கொஞ்சம் திருகி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி திருகி எடுங்கள். நீண்ட பிடி போட்டுப் பலம் காட்டினால் பிளக் முறிந்து பாதி ஹெட்டுக்குள் தங்கிவிடும். பிறகு ஹெட்டைக் கழற்றும் செலவுதான்.

விற்றவர் மாற்றியதாகச் சொல்லும் பிளக்குகளைப் பற்றி ஒன்று. அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இந்த வகை எஞ்சின்களில் இரண்டு விதமான அமைப்பு உண்டு. ஒன்றில் ஒரே ரிலே, 12 வோல்ட் கணக்கிலான பிளக். இன்னொன்றில் இரண்டு ரிலே: முதலாவது முழு மின்சாரத்தையும் கொடுத்துச் சில விநாடிகளில் பிளக்கைச் சிவக்கவைக்கும், இரண்டாவது ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த மின்சாரம் கொடுத்து எஞ்சின் கிளம்பிய பிறகும் சூட்டைக் காக்கும். இதற்குரிய பிளக் 6 வோல்ட் வகை. புரியில் சரியாகப் பொருந்துகிறது என்று இரண்டையும் மாற்றி மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு ரிலே வண்டியில் 12 வோல்ட் பிளக்கை மாட்டினால் கொடுத்த நேரத்துக்குள் அது சரியாகச் சூடேறாது. ஒரு ரிலே வண்டியில் 6 வோல்ட் பிளக்கை மாட்டினால் சீக்கிரமே எரிந்து வீங்கும். பிளக்கின் உடம்பில் எண்ணும் வோல்ட்டும் பொறித்திருக்கும். துடைத்துப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். புதியது வாங்கும்போது அந்தத் தாளையும் எஞ்சின் எண்ணையும் கொண்டுபோய், உங்கள் ரிலே அமைப்புக்கு உரியதைக் கேட்டு, நான்கையும் ஒரே வகையில் வாங்குங்கள்.

பட்டரி புதியது என்பதால் அந்தப் பக்கம் சரி என்று விட்டுவிடாதீர்கள். எஞ்சினிலிருந்து சேசிஸுக்கும் பட்டரிக்கும் போகும் எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தமாக மாட்டுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் எஞ்சின் மெதுவாகத்தான் சுழலும், மெதுவாகச் சுழலும் எஞ்சினில் அமுக்கிய சூடு தங்காது.

இத்தனையும் சரியாக இருந்தும் நடுக்கமும் புகையும் நிற்காவிட்டால், அப்போது கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு இன்ஜெக்டர். பம்ப் கடைசி.

கேள்வி: என் பழைய பிக்கப்பிற்கு டைமரை எடுத்துவிட்டு ஒரு பட்டன் வைத்துத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
— வாசகர், ஹட்டன்

பதில்: முதலில் உங்கள் பிளக் எந்த வோல்ட் என்று பாருங்கள். 6 வோல்ட் என்றால் வேண்டாம். இரண்டு விநாடி கூடுதலாக விரல் பட்டனில் இருந்தால் நான்கு பிளக்கும் போய்விடும். 12 வோல்ட் பிளக், ஒற்றை ரிலே என்றால் செய்யலாம், ஒரு நிபந்தனையோடு: பட்டன் ரிலேயை மட்டும்தான் இயக்க வேண்டும். நான்கு பிளக்கும் சேர்ந்து நாற்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், தொடக்கத்தில் அதற்கும் மேல். அவ்வளவையும் டாஷ்போர்டில் இருக்கும் ஒரு சிறிய பட்டன் வழியாக விட்டால் வயர் உருகி வண்டி தீப்பிடிக்கலாம். பியூஸ் இல்லாமல் இதைச் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். என்னைக் கேட்டால் டைமரைச் சரிசெய்வதே நல்லது. வண்டியை எப்போதும் நீங்களே ஓட்டப்போவதில்லை. விநாடி எண்ணத் தெரியாத ஒருவர் ஒருநாள் ஓட்டுவார்.

கேள்வி: குளிரில் காற்று பில்டரைத் திறந்து ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தால் உடனே பற்றுகிறது. சிலர் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுகிறார்கள். தொடர்ந்து செய்யலாமா?
— வாசகர், ஹப்புத்தளை

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். அந்த ஸ்ப்ரேயில் இருப்பது ஈதர். 160 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே தானாகப் பற்றும். சிவந்து நிற்கும் ஹீட்டர் பிளக்கின் நுனியில் அதைவிடப் பல மடங்கு சூடு இருக்கும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே ஈதர் வெடித்து அதைக் கீழே தள்ளும். 'டங்' என்று நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். ரிங் உடையும், பிஸ்டனில் விரிசல் விழும், கனெக்டிங் ராட் வளையும். காற்றுக் குழாய்க்குள்ளேயே தீ பிடித்து, குனிந்து நிற்பவர் முகத்தில் அடிக்கவும் கூடும். பெட்ரோல் துணியிலும் இதே ஆபத்துதான்.

இது போன்ற கேள்விகளை அனுப்புகிறவர்கள் எஞ்சின் வகை, பிளக்கில் பொறித்துள்ள எண், குளிர்ந்த எஞ்சினில் மஞ்சள் லைட் எத்தனை விநாடி எரிகிறது, சுழற்றும்போது புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம் என்ற விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள்.