மான் வேட்டையும் தோட்டாவும்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்லும் நம் சகோதரர்கள் 12 போர் துப்பாக்கிக்கு ரவைத் தோட்டாவா, 'ஸ்லக்' எனும் ஒற்றைக் குண்டா என்று கேட்பதுண்டு. (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.) 'டபுள் ஆட்' தோட்டாவில் பெரும்பாலும் 9 ரவைகள். தூரம் கூடினால் அவை சிதறி, மான் காயத்தோடு ஓடிவிடும். ஆகவே ஸ்லக்கே மேல் என்போம்.

ஆயினும் தோட்டா கூரால் அறுப்பதில்லை; வேகத்தால் மோதித் துளைக்கிறது. எறிகோலின் கூர்முனை பட்டதை உண்ணலாம், அகலப்பக்கம் பட்டு இறந்தது அடிபட்டுச் செத்ததே என அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். எனவே குண்டடியிலேயே செத்ததை ஷாஃபிஈ, ஹனஃபி உலமாக்களில் பெரும்பாலோர் ஹலாலாகக் கொள்வதில்லை. மாலிக்கி மத்ஹபின் பிற்காலத்தார் ஆகுமென்றனர். நம் மத்ஹபினர் அருகில் நின்றே சுட்டு, உயிர் நிலைத்திருக்கையில் பிஸ்மில்லாஹ் கூறி அறுக்க வேண்டும். மூச்சடங்கிய பின் வைக்கும் கத்தி பயன்படாது.