கத்திரி வெயிலில் கேமிங் லேப்டாப்: அறையிலிருந்து தொடங்குங்கள்

பள்ளி, கல்லூரி விடுமுறையும் கத்திரி வெயிலும் நம் ஊரில் ஒன்றாகத்தான் வருகின்றன. பிள்ளைகள் அதிக நேரம் விளையாடுவதும் அந்த மே மாதத்தில்தான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வெயில் 40 டிகிரியைத் தொடுவதும் அந்த மே மாதத்தில்தான். ஆட்டம் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு திரை திக்கித் திக்கி நகரும், ஃபேன் இரையும், கீபோர்டில் கை வைக்க முடியாது. உடனே எல்லோரும் கேட்பது, "எந்த கூலிங் பேட் வாங்கலாம்?" கூலிங் பேட் தேவைப்படலாம், ஆனால் அது முதல் வேலை அல்ல. அதற்கு முன் செய்ய வேண்டிய நான்கைந்து வேலைகள் இருக்கின்றன, பெரும்பாலும் செலவில்லாதவை. அவற்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

லேப்டாப்பில் இருக்கும் ஃபேன் குளிர்ந்த காற்றைத் தயாரிப்பதில்லை. அறையில் இருக்கும் காற்றை அடிப்பக்கத்துத் துளைகள் வழியாக இழுக்கிறது. பிராசசரின் சூட்டை ஹீட் பைப் எனும் செப்புக் குழாய்கள் மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கொண்டுவருகின்றன. அந்தத் தகடுகளின் இடுக்கில் காற்று புகுந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, பின்பக்கமோ பக்கவாட்டிலோ வெளியேறுகிறது. ஆகவே சிப்பின் வெப்பம் எப்போதும் அறையின் வெப்பத்துக்கு மேல்தான் ஏறும். 25 டிகிரி அறையில் 82 டிகிரியில் ஓடும் லேப்டாப், அதே ஆட்டத்தில், ஃபேன் அதே வேகத்தில் சுற்றினால், 37 டிகிரி அறையில் 94-ஐ ஒட்டி நிற்கும். யூடியூபில் ஏசி அறையில் சோதித்துக் காட்டும் எண்களை நம் வீட்டு எண்களோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

முதலில் அளந்து பாருங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, வழக்கமாக விளையாடும் ஆட்டத்தை அரை மணி நேரம் ஓடவிட்டு, சிபியு, ஜிபியு இரண்டின் உச்ச வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இன்டெல்லின் பல லேப்டாப் பிராசசர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டியில் பலவற்றுக்கு 95 அல்லது 100. என்விடியா லேப்டாப் ஜிபியுக்கள் பல, 87 டிகிரியை ஒட்டி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். கேமிங் லேப்டாப்பில் சிபியு 85, 90 என்று போவது சாதாரணம்தான். வரம்பைத் தொட்டு, சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஆட்டம் திக்கும்போதுதான் நாம் கை வைக்க வேண்டும். இனிச் செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே சோதனையைச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியும்.

அறையும் நேரமும்

மாடி அறையில் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி, மாலையிலிருந்து இரவு வெகுநேரம் வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். சீலிங் ஃபேன் மேலே தேங்கிய அந்த அனலைத்தான் நம் மேல் தள்ளுகிறது. முடிந்தால் விளையாடும் மேசையைத் தரைத்தளத்தில், மேற்கு வெயில் படாத அறைக்கு மாற்றுங்கள். மாடியை விட்டால் வழியில்லை என்றால், மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது வீட்டுக்கே நல்லது. மே மாதத்தில் கனமான ஆட்டங்களுக்கு விடியற்காலைதான் உகந்த நேரம். பிற்பகலில் கடல்காற்று உள்ளே வந்துசேரும் நாள்களில் கிழக்குச் சன்னலைத் திறந்து வையுங்கள்.

ஏசி இருந்தால் 26, 27 டிகிரியில் வைத்தாலே போதும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை மட்டும் லேப்டாப்பின் பக்கம் திருப்பாதீர்கள். நம் விழுப்புரம் மாவட்டம் கடலை ஒட்டியது; காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். கூலர் அறையைப் பெரிதாகக் குளிர்விக்காது, ஈரத்தைத்தான் கூட்டும். அந்த ஈரம் பட்டு லேப்டாப்புக்குள் இருக்கும் தூசி கெட்டியாகிவிடும்.

மேசையில் செய்ய வேண்டியவை

மெத்தை, தலையணை, பாய், மடி எதுவும் வேண்டாம். துணி அடித்துளைகளை மூடிவிடும். கெட்டியான மேசையில் வைத்து, பின்பக்கத்தை ஓர் அங்குலமாவது உயர்த்துங்கள். தச்சுக் கடையில் கிடைக்கும் ரீப்பர் துண்டு இரண்டு போதும். அவை துளைகளை மறைக்காமல் ஓரமாக இருக்க வேண்டும். அடியில் இடைவெளி கூடியதும் ஃபேன் மூச்சுத் திணறாமல் காற்றை இழுக்கும். பல லேப்டாப்களில் இதிலேயே சில டிகிரி குறைவதைப் பார்க்கலாம்.

அடுத்து, வெளியே வந்த சுடுகாற்று மறுபடி உள்ளே போகாமல் பார்க்க வேண்டும். சுவரை ஒட்டி மேசை போட்டால், பின்பக்கம் வரும் அனல் சுவரில் மோதி அடியிலேயே திரும்பிவிடும். பின்னால் அரை அடியாவது இடம் விடுங்கள். டேபிள் ஃபேனை முன்பக்கமோ, காற்று வெளியேறாத பக்கமோ வைத்து, மேசையின் குறுக்கே காற்று போகுமாறு திருப்புங்கள். சுடுகாற்று வெளிவரும் துளைக்கு நேர் எதிரே ஃபேன் வைத்தால் லேப்டாப்பின் ஃபேனும் அதுவும் மல்லுக்கட்டும். தனி மானிட்டர் வைத்து விளையாடுபவர்கள் லேப்டாப்பின் மூடியை மூடிவைக்கக் கூடாது. பல மாடல்கள் கீபோர்டு இடுக்கு வழியாகவும் காற்றை இழுக்கின்றன.

தூசிதான் நம் ஊரின் தனிப் பிரச்சினை

திண்டிவனம், வானூர் பக்கம் கல் குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி, விக்கிரவாண்டி வழியாக, இரவும் பகலும் வண்டிகள் ஓடுகின்றன. நெல்லும் வேர்க்கடலையும் அறுவடையாகும் நாள்களில் தூசும் சருகும் பறக்கும். இவை எல்லாம் லேப்டாப்புக்குள் போகின்றன. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் ஃபேன் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகவே தெரியும். தூசி அடைத்திருப்பது ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில். அங்கே அது கம்பளித் துண்டு போலத் தடித்து, காற்றுப் போகும் வழியை முழுக்க மூடியிருக்கும். வெளியிலிருந்து இது கண்ணுக்குப் படாது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆட்டம் ஓடும்போது, காற்று வெளியேறும் துளைக்கு முன்னால் மெல்லிய டிஷ்யூ தாளின் ஒரு கீற்றைப் பிடியுங்கள். ஃபேன் முழு வேகத்தில் இரைந்தும் தாள் சரியாகப் படபடக்கவில்லை என்றாலோ, இரண்டு துளைகளில் ஒன்றில் மட்டும் படபடத்தாலோ, அடைப்பு இருக்கிறது.

சாலையோரத்திலும் குவாரிப் பக்கத்திலும் இருப்பவர்கள் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் புளோயர் அடிக்க வேண்டும். கட்டற்றுச் சுற்றவிட்டால் பேரிங் பழுதாகும். மின்சாரமும் பின்னோக்கிப் பாயக்கூடும். வாரன்டி இருந்தால், மூடியைத் திறக்கலாமா என்று சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டுவிடுங்கள்.

மரக்காணம் உப்பளப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று கூடுதல் தொல்லை. விளையாடாத நேரத்தில் லேப்டாப்பைச் சன்னலோரம் திறந்து வைக்காமல் பையில் போட்டு வையுங்கள்.

சூட்டை உற்பத்தியிலேயே குறையுங்கள்

உருவான சூட்டை விரட்டுவதைவிட உருவாகாமல் தடுப்பது எளிது. 144 ஹெர்ட்ஸ் திரை இருக்கிறது என்பதற்காக எல்லா ஆட்டத்தையும் 144 ஃபிரேமில் ஓட்ட வேண்டியதில்லை. கதை சொல்லும் ஆட்டங்களுக்கு 60 போதும். ஆட்டத்தின் செட்டிங்ஸிலோ என்விடியா கன்ட்ரோல் பேனலிலோ ஃபிரேம் வரம்பு வையுங்கள். ஜிபியு இழுக்கும் மின்சாரம் குறையும், சூடும் குறையும்.

சிபியு மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டால், விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' என்ற இடத்தில் 100-ஐ 99 ஆக்குங்கள். டர்போ வேகம் நின்று, வெப்பம் கணிசமாக இறங்கும். ஜிபியுவை நம்பி ஓடும் ஆட்டங்களில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. புதிய லேப்டாப்கள் சிலவற்றில் இந்த இடம் மறைந்திருக்கும். அங்கே லெனோவா வான்டேஜ், ஆர்மரி கிரேட், நைட்ரோசென்ஸ் போன்ற நிறுவன மென்பொருளில் 'பேலன்ஸ்டு' மோடைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது கூலிங் பேட்

இதுவரை சொன்னதைச் செய்தும் போதவில்லை என்றால் வாங்கலாம். கடைக்குப் போகும் முன் லேப்டாப்பைக் கவிழ்த்து, துளைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பேடின் ஃபேன் ஓரிடம், துளை வேறிடம் என்றால் பணம் வீண். வெறும் வலையும் சிறு ஃபேன்களும் உள்ள பேடு சில டிகிரிதான் குறைக்கும். லேப்டாப்பின் அடிவிளிம்பைச் சுற்றி ஃபோம் அடைத்து, பெரிய புளோயரால் காற்றை உள்ளே திணிக்கும் வகை நன்றாகவே வேலை செய்யும், சத்தம் அதிகம். நம் ஊருக்குத் தூசி வடிகட்டும் வலை உள்ளதையே வாங்குங்கள், வலையை வாரம் ஒருமுறை தட்டுங்கள்.

பேஸ்ட் மாற்றுவது

சுத்தம் செய்த பிறகும், ஆட்டம் தொடங்கிய சில வினாடிகளில் சிபியு வரம்பைத் தொட்டால், சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்தோ விலகியோ இருக்கலாம். இரண்டு, மூன்று ஆண்டு ஆன லேப்டாப்பில் இது சகஜம். ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம் 7950 என்ற தாள் சூட்டில் இளகிப் படியும். லேப்டாப்பில் பேஸ்ட்டைவிட நீண்ட நாள் நிற்கும். மெமரி சிப்களின் மேல் உள்ள தெர்மல் பேடுகளை மாற்றினால் பழைய தடிமனிலேயே போடச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டர் மாறினாலும் ஹீட் சிங்க் சரியாக உட்காராது. உங்கள் மாடலில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் பூசியிருந்தால், அதைக் கையாண்டு பழகாத கடையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி சிந்தினாலும் மதர்போர்டு போய்விடும்.

செய்யவே கூடாதவை

ஐஸ் பை, ஈரத்துணி, ஃபிரிட்ஜ் மூன்றும் வேண்டாம். நம் பக்கத்துக் கோடைக் காற்று 25 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தாலே நீராக வியர்க்கத் தொடங்கும். அந்த நீர் உள்ளே சர்க்யூட்டில் படியும்.

டச்பேட் மேலெழும்பினாலோ, அடிமூடி புடைத்தாலோ அது பேட்டரி வீங்கியதன் அறிகுறி. அந்த நிமிடமே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். குத்துவதோ அழுத்துவதோ தீ விபத்தில் முடியும். எப்போதும் சார்ஜரில் வைத்தே விளையாடுபவர்கள் நிறுவன மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வையுங்கள். சூட்டில் முழு சார்ஜோடு நிற்பதுதான் லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கெடுக்கும்.

அடுத்த முறை வாங்கும்போது

பிள்ளைக்குப் புது லேப்டாப் வாங்கப்போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒரே ஜிபியு பெயர் எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகத்தில் ஓடாது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்க என்விடியா இடம் தருகிறது. மெலிந்த உடலில் பெரிய எண் போட்ட சிப்பைவிட, தடித்த உடலும் இரண்டு ஃபேனும் அகலமான துளைகளும் கொண்ட ஒரு படி குறைந்த சிப், நம் ஊர் மே மாதத்தில் சீராக ஓடும். கடையில் சிப்பின் பெயரைக் கேட்ட கையோடு வாட் எவ்வளவு என்றும் கேளுங்கள். கவிழ்த்துத் துளைகளையும் பாருங்கள்.