மூன்றாம் நாளுக்குப் பின்

நுழையும்முன்

வகுப்பறையில் கற்கும் அறிவியலும் கணிதமும் பணிக்களத்தில் எவ்வடிவம் கொள்கின்றன என்பதை நேரில் காண மேனிலைப் பள்ளி மாணவர்க்கு வாய்க்கும் வழிகளுள் ஒன்று உள்ளுறைப் பயிற்சி. 2019ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நாசா நிறுவனத்திற்குப் பயிற்சிக்குச் சென்ற ஒரு மாணவர், மூன்றே நாள்களில் புதிய கோள் ஒன்றைக் கண்டுபிடித்தார் என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. செய்தி உண்மையே. ஆயினும் மூன்றாம் நாளுக்கு முன் நடந்தவையும் பின் நடந்தவையும் அதில் முழுமையாக இடம்பெறவில்லை. அவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பட்டறையும் ஆய்வுக்கூடமும்

ஒரு தொழில் நடைபெறும் இடத்திலேயே, அதில் தேர்ந்தவர்களின் அருகிலிருந்து, குறிப்பிட்ட காலம் பணியாற்றிக் கற்பது உள்ளுறைப் பயிற்சி எனப்படும். பேச்சு வழக்கில் இதனை இன்டர்ன்ஷிப் என்கிறோம். பெயர் புதிதாயினும் முறை பழையது. தச்சரிடமும் கொல்லரிடமும் நெசவாளரிடமும் இளையோர் இவ்வாறே தொழில் பழகினர். பட்டறையில் சேர்ந்த முதல் நாளே எவர் கையிலும் தேர்ச் சிற்பத்தை ஒப்படைப்பதில்லை. பலகையைப் பிடிப்பதும், மரத்தின் ரேகை ஓடும் திசையைப் பார்ப்பதும், அளவுகோல் வைத்துக் குறியிடுவதும் முதலில் வரும் பணிகள். சிறியனவாகத் தோன்றும் அப்பணிகளில்தான் கண் பழகுகிறது.

ஆய்வுக்கூடமும் ஒரு பட்டறையே. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வுல்ஃப் குகியர், நம் பதினோராம் வகுப்பிற்கு இணையான வகுப்பை முடித்திருந்த 17 வயது மாணவர். மேரிலாந்து மாநிலத்தின் கிரீன்பெல்ட் என்னும் ஊரிலுள்ள நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் அவர் கோடைக்காலப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவருக்குத் தரப்பட்ட பணி, விண்மீன்களின் ஒளியளவு காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதைக் காட்டும் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. புதிய கோளைக் கண்டுபிடிக்குமாறு அவரிடம் யாரும் கூறவில்லை.

ஒளி குறையும் கணக்கு

அவ்வரைபடங்கள் டெஸ் என்னும் விண்வெளித் தொலைநோக்கியிலிருந்து வந்தவை. 2018 ஏப்ரல் 18ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட டெஸ்ஸில் நான்கு ஒளிப்படக் கருவிகள் உள்ளன. அதன் முதற்கட்டப் பணியில், வானத்தின் ஒரு பகுதியைத் தொடர்ந்து 27 நாள் நோக்கி, 30 நிமிடத்திற்கு ஒருமுறை முழுப்படம் எடுத்தது. பின்னர் அடுத்த பகுதிக்குத் திரும்பியது. ஒரு நாளைக்கு 48 படங்கள் எனக் கொண்டால் 27 நாளில் ஏறத்தாழ 1300 படங்கள் ஆகும்.

படங்களில் தேடப்படுவது மிகச் சிறிய ஒரு மாற்றம். ஒரு கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் இடையே கடந்து செல்லும்போது விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பகுதி மறைகிறது. இதனைக் கோள் கடப்பு என்பர். எவ்வளவு ஒளி மறையும் என்பதைக் கண்டறிய நீங்கள் கற்ற வட்டத்தின் பரப்பளவே போதும். கோளும் விண்மீனும் நம் பார்வைக்கு இரு வட்டங்கள். வட்டத்தின் பரப்பு அதன் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே மறையும் ஒளியின் பங்கு, இரு ஆரங்களின் விகிதத்தினுடைய இருமடிக்குச் சமம்.

வியாழனின் ஆரம் சூரியனின் ஆரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆகவே வியாழன் சூரியனைக் கடப்பதைத் தொலைவிலிருந்து நோக்குபவர்க்கு நூற்றில் ஒரு பங்கு ஒளி குறைந்து தோன்றும். புவியின் ஆரமோ சூரியனின் ஆரத்தில் 109இல் ஒரு பங்கு. புவி கடந்தால் குறையும் ஒளி ஏறத்தாழ 12,000இல் ஒரு பங்கு மட்டுமே. வரைபடத்தில் அது ஒரு சிறு பள்ளமாகத் தெரியும். கருவியின் அதிர்வும் அதே போன்ற பள்ளத்தை உண்டாக்கக்கூடும். எது பள்ளம், எது பழுது எனப் பிரித்தறிவதே இப்பணியின் கடினம்.

பொருந்தாத ஒரு பள்ளம்

குகியர் பார்த்த வரைபடங்களில் ஏற்கெனவே பலருடைய உழைப்பு சேர்ந்திருந்தது. டெஸ் தரவுகளைப் பொதுமக்களும் ஆராய்வதற்கென ‘பிளானட் ஹண்டர்ஸ் டெஸ்’ என்னும் மக்கள் அறிவியல் திட்டம் இயங்குகிறது. ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் வரைபடங்களைப் பார்த்து, ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள் எனத் தோன்றுபவற்றைக் குறித்து வைத்திருந்தனர். அவ்வாறு குறிக்கப்பட்டவற்றைத்தான் அவர் மீண்டும் நோக்கினார்.

அவற்றுள் ஒன்று டி.ஓ.ஐ. 1338. புவியிலிருந்து ஏறத்தாழ 1300 ஒளியாண்டுத் தொலைவில், தென்வானத்தின் பிக்டார் விண்மீன் குழுவில் உள்ளது. இங்கு இரு விண்மீன்கள் 14.6 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. பெரியது சூரியனைவிடப் பத்து விழுக்காடு நிறை மிகுந்தது. சிறியது சூரியனின் நிறையில் மூன்றில் ஒரு பங்கே கொண்டது, மங்கலானது. சிறியது பெரியதை மறைக்கும்போதெல்லாம் வரைபடத்தில் ஆழமான பள்ளம் விழும். அது குறித்த காலத்தில் தவறாமல் விழும்.

பயிற்சி தொடங்கி ஏறத்தாழ மூன்று நாள் ஆகியிருந்தபோது, இந்த வரைபடத்தில் ஒரு பள்ளம் குகியரின் கண்ணில் பட்டது. முதலில் அதனையும் விண்மீன் மறைப்பு என்றே அவர் கருதினார். ஆனால் காலம் பொருந்தவில்லை. விண்மீன்களின் சுழற்சிக் கணக்கின்படி அந்த நேரத்தில் மறைப்பு நிகழ வாய்ப்பில்லை.

அறிவியல் பணிக்கு வேண்டிய அடிப்படைத் திறன் இங்கு வெளிப்படுகிறது. பொருந்தாத ஒன்றைக் காண வேண்டுமாயின், பொருந்துவது எது என்பது முன்பே மனத்தில் பதிந்திருக்க வேண்டும். பல வரைபடங்களைப் பொறுமையாகப் பார்த்த கண்ணுக்கே ஒழுங்கு தெரியும். ஒழுங்கு தெரிந்த கண்ணுக்கே பிறழ்வு தெரியும். மேலும், தன் முதல் விடை கணக்கோடு முரண்பட்டபோது அவர் கணக்கை ஒதுக்கிவிட்டு விடையைக் காக்க முயலவில்லை, விடையை மாற்றிக்கொண்டார்.

கணினியும் கண்ணும்

இவ்வளவு தரவுகளையும் கணினியே ஆராயலாமே என்னும் ஐயம் எழலாம். ஒரே விண்மீனைச் சுற்றும் கோள்களைத் தேடுவதில் கணினி நிரல்கள் வல்லவை. சம கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் வரும் பள்ளங்களை அவை விரைந்து கண்டறியும். இரட்டை விண்மீனைச் சுற்றும் கோளோ அந்தச் சம இடைவெளிக்குக் கட்டுப்படுவதில்லை. கோள் சுற்றிவரும் அதே காலத்தில், அது கடக்க வேண்டிய விண்மீனும் இடம் பெயர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே டி.ஓ.ஐ. 1338இல் கோள் கடப்பு 93 நாளிலும் நிகழலாம். 95 நாளிலும் நிகழலாம்.

கடப்பு நீடிக்கும் நேரமும் மாறுபடும். அருகருகே உள்ள இரு இருப்புப் பாதைகளை எண்ணிப் பாருங்கள். எதிரெதிரே வரும் தொடர்வண்டிகள் நொடிகளில் ஒன்றையொன்று கடந்துவிடுகின்றன. ஒரே திசையில் செல்லும்போது முந்திச் செல்ல நெடுநேரம் ஆகிறது. கோளும் விண்மீனும் ஒரே திசையில் நகர்ந்தால் கடப்பு நீளும். எதிர்த் திசையில் நகர்ந்தால் குறுகும். இத்தகைய சீரற்ற குறிகளைக் கண்டறிவதில் கணினி நிரல்கள் திணறுகின்றன. சீரற்றவற்றுள்ளும் ஓர் அமைப்பைக் காண்பதில் மனிதக் கண் சிறந்து விளங்குகிறது.

மூன்றாம் நாளுக்குப் பின்

பள்ளத்தைக் கண்டது ஒரு நாளில். அது கோளே என்று நிறுவியது பல மாத உழைப்பில். குகியரின் வழிகாட்டியான வெசலின் கோஸ்டோவும் பிற ஆய்வாளர்களும் அந்தக் குறியைப் பல வழிகளில் சோதித்தனர். பள்ளம் உண்மையில் விண்மீனிலிருந்து வந்ததா, கருவியின் குறையால் தோன்றியதா என்பதை ‘எலினார்’ என்னும் மென்பொருளைக் கொண்டு ஆராய்ந்தனர். டெஸ்ஸின் பார்வைப் பகுதிகள் வானத்தின் அந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதால், 12 பகுதிகளின் தரவுகள் கிடைத்தன. 27 நாளை 12ஆல் பெருக்கினால் 324 நாள். அந்நெடிய காலத்தில் கோள் கடப்பு மூன்று முறை பதிவாகியிருந்தது. மூன்றும் ஏறத்தாழ ஒரே ஆழம். மூன்றும் வெவ்வேறு கால அளவு. இரட்டை விண்மீனைச் சுற்றும் கோளின் அடையாளம் அதுவே.

கோளின் ஆரம் புவியின் ஆரத்தைப்போல் 6.9 மடங்கு எனக் கணக்கிட்டனர். பெரிய விண்மீனின் ஆரம் சூரியனைப்போல் 1.3 மடங்கு, அதாவது புவியைப்போல் ஏறத்தாழ 142 மடங்கு. விகிதத்தின் இருமடியை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். குறைந்த ஒளி கால் விழுக்காட்டையும் எட்டவில்லை என்பது விளங்கும்.

2020 ஜனவரி 6ஆம் நாள், ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில் நடைபெற்ற அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் இக்கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. டெஸ் வழியாக அறியப்பட்ட, இரட்டை விண்மீனைச் சுற்றும் முதற்கோள் இதுவே. ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவராகக் குகியரின் பெயரும் இடம்பெற்றது.

தெரிந்து தெளிவோம்

இரட்டை விண்மீன்களைச் சுற்றும் கோள்களை டெஸ்ஸுக்கு முன்பே கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி கண்டறிந்துள்ளது. அதன் இரு கட்டப் பணிகளிலும் இத்தகைய 12 கோள்கள் அறியப்பட்டிருந்தன. அக்கோள்களிலிருந்து நோக்கினால் வானில் இரு சூரியன்கள் தோன்றும்.

கண்டுபிடித்தவர் யார்?

‘மாணவர் கண்டுபிடித்த கோள்’ என்று நாளிதழ்கள் எழுதின. அத்தொடர் பொய்யன்று, முழுமையானதுமன்று. தொலைநோக்கியை வடிவமைத்த பொறியாளர்கள், வரைபடங்களைக் குறித்து வைத்த தன்னார்வலர்கள், மென்பொருள் எழுதியவர்கள், நிறையையும் சுற்றுப்பாதையையும் கணக்கிட்டவர்கள் ஆகிய அனைவரும் அத்தொடருக்குப் பின்னே நிற்கின்றனர். அதே வேளையில், அந்தப் பள்ளத்தைப் புறக்கணித்து அடுத்த வரைபடத்திற்குச் சென்றிருந்தால், அக்கோள் மேலும் பலநாள் அறியப்படாமலே இருந்திருக்கக்கூடும். தன் பங்கைக் குறைத்துக் கூறாமலும் பிறர் பங்கை மறைக்காமலும் பேசக் கற்பது, சமன்பாடுகளைக் கற்பதைப் போன்றே இன்றியமையாதது.

அறிவிப்போடு ஆய்வு முடிந்துவிடவுமில்லை. கோளின் ஆரம் தெரிந்ததே தவிர நிறை தெரியவில்லை. அதனை அளக்க, சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கிகளைக் கொண்டு விண்மீனின் மிக நுண்ணிய அசைவுகளை வானியலாளர் அளந்தனர். எதிர்பார்த்த குறி கிடைக்கவில்லை. கோளின் நிறை புவியைப்போல் ஏறத்தாழ 22 மடங்குக்கு மேற்பட்டதன்று என மட்டுமே கூற முடிந்தது. மாறாக, 215 நாளுக்கு ஒருமுறை சுற்றும் வேறொரு கோளின் குறி அவ்வளவீடுகளில் வெளிப்பட்டது. 2023இல் அது அறிவிக்கப்பட்டது. தேடியது அகப்படவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதியதும் அந்த ஆய்வின் ஒரு பகுதியே.

திறந்திருக்கும் கதவுகள்

நாசாவின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெறும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டும். ஊரும் வசதியும் வழிகாட்டுவோரும் அதனைத் தீர்மானிக்கும் நிலை இன்றும் உள்ளது. எனினும் குகியர் நோக்கிய தரவுகள் பூட்டி வைக்கப்பட்டவையல்ல. டெஸ் தரவுகள் அனைவர்க்கும் பொதுவானவை. மக்கள் அறிவியல் திட்டத்தில் இணையக் கட்டணமில்லை. பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியிலிருந்தே ஒரு வரைபடத்தைத் திறந்து பார்க்கலாம்.

நம் நாட்டில் இந்திய விண்வெளி ஆய்வு மையம் 2019 முதல் ‘யுவிகா’ என்னும் இளம் விஞ்ஞானி திட்டத்தை நடத்தி வருகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கான அத்திட்டம், அவர்களை ஆய்வு மையங்களில் தங்கவைத்து இரு வாரம் பயிற்றுவிக்கிறது. நீங்கள் அவ்வகுப்பைக் கடந்துவிட்டீர்கள். உங்கள் தம்பி தங்கையர்க்கு அதனைத் தெரிவிக்கலாம். உங்களுக்கோ, அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையம், வானிலைப் பதிவு நிலையம், கல்லூரி ஆய்வகம் போன்ற இடங்களில் சில நாள் உடனிருந்து கற்க ஆசிரியர் வழியாக அனுமதி கேட்டுப் பார்க்கலாம். அங்கே தரப்படும் பணி, குப்பிகளில் பெயர் ஒட்டுவதாகவோ எண்களைப் பதிவேட்டில் எழுதுவதாகவோ இருக்கலாம். நாளும் நேரமும் குறித்து எழுதுங்கள். பொருந்தாத எண் வந்தால் அதனைத் திருத்தி அழகாக்காமல், உள்ளபடியே எழுதி உரியவரிடம் காட்டுங்கள்.

டி.ஓ.ஐ. 1338இன் கோளுக்கு மீண்டும் வருவோம். இரு விண்மீன்களின் ஈர்ப்பால் அதன் சுற்றுப்பாதையின் சாய்வு சிறிது சிறிதாக மாறுகிறது. அதனால் 2023 நவம்பருக்குப் பின் கடப்புகள் நம் பார்வைக்குத் தெரியா என்றும், எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் தெரியும் என்றும் ஆய்வாளர் கணித்துள்ளனர். அதாவது, ஏறத்தாழ 2031இல் அந்தச் சிறு பள்ளம் மீண்டும் வரைபடத்தில் விழும். அப்போது அதனைச் சரிபார்க்க எவரேனும் வரைபடத்தின் முன் அமர்ந்திருக்க வேண்டும். அவ்வயதில் நீங்கள் கல்வி முடித்துப் பணியில் சேர்ந்திருப்பீர்கள்.

கற்பவை கற்றபின்

1. விண்மீனின் ஆரத்தில் இருபதில் ஒரு பங்கு ஆரமுடைய கோள் கடந்தால் எத்தனை விழுக்காடு ஒளி குறையும் எனக் கணக்கிட்டு, வகுப்பில் விளக்குக.

2. உங்கள் ஊரில் அறிவியல் அல்லது கணிதம் சார்ந்த பணி நடைபெறும் ஓரிடத்தைப் பார்வையிட்டு, அங்குப் புதிதாகச் சேர்பவர்க்குத் தரப்படும் முதற்பணி எது எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உள்ளுறைப் பயிற்சிக்கு அனுமதி வேண்டி ஆய்வகப் பொறுப்பாளர்க்கு விண்ணப்பக் கடிதம் வரைக.

மதிப்பீடு

குறுவினா

1. கோள் கடப்பு என்றால் என்ன?

2. குகியர் தம் முதல் விடையை மாற்றிக்கொண்டது ஏன்?

சிறுவினா

1. இரட்டை விண்மீனைச் சுற்றும் கோள்களைக் கண்டறிவதில் கணினி நிரல்கள் திணறுவதற்கான காரணங்களை எழுதுக.

நெடுவினா

1. ‘மாணவர் கண்டுபிடித்த கோள்’ என்னும் தொடர் எந்த அளவு பொருத்தமானது? பாடக்கருத்துகளைச் சான்றாகக் கொண்டு உம் கருத்தை நிறுவுக.