ஒரு சாண் எஞ்சின்

சென்னை சென்ட்ரலில் ஹவுரா மெயில் புறப்படுகிறது. ஓர் இரவும் ஒரு பகலும் கழிந்த பிறகே அது ஹவுரா போய்ச் சேரும். ஹவுராவில் இறங்கினால் எதிரே ஹூக்ளி ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொல்கத்தா நகரம்.

இவ்வளவு தூரமும் ரயிலை இழுத்து வருவது மின்சார எஞ்சின். அதன் நீளம் சுமார் 19 மீட்டர். எடை நூறு டன்னுக்கு மேல்.

இதே எஞ்சினை ஒரு சாண் நீளத்தில் செய்து, வீட்டு மேசைமேல் ஓட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள் அல்ல, வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள். இவர்களை மாதிரி ரயில் பிரியர்கள் என்று சொல்லலாம். கொல்கத்தாவிலும் இருக்கிறார்கள், சென்னையிலும் இருக்கிறார்கள். புனே நகரில் குட்டி ரயில்களுக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது. ஜோஷி என்பவர் உருவாக்கிய அந்தக் காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது.

பொம்மைக் கடையில் விற்கும் ரயிலும் மாதிரி ரயிலும் ஒன்றல்ல. பொம்மை ரயில் ரயிலைப் போல இருந்தால் போதும். மாதிரி ரயில் அளவுப்படி இருக்க வேண்டும். அங்கேதான் கணக்கு வருகிறது. கணக்கு வந்தால் தகராறும் வருகிறது.

எஞ்சின்மேல் எழுதியிருப்பது என்ன?

அடுத்த முறை ரயில் நிலையம் போனால் எஞ்சின் அருகே போய்ப் பாருங்கள். பக்கவாட்டில் சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். டபிள்யூ.ஏ.பி.4 என்று இருக்கலாம். டபிள்யூ.ஏ.பி.7 என்றும் இருக்கலாம்.

டபிள்யூ என்றால் அகலப் பாதையில் ஓடுவது. ஏ என்றால் மாறுமின்சாரத்தில் ஓடுவது. பி என்றால் பயணிகள் ரயிலை இழுப்பது. சரக்கு ரயில் எஞ்சினாக இருந்தால் பி இருக்கும் இடத்தில் ஜி இருக்கும். கடைசி எண், அது எந்த வகை என்று சொல்கிறது.

டபிள்யூ.ஏ.பி.4 எஞ்சின்கள் மேற்கு வங்கத்தில் உள்ள சித்தரஞ்சன் எஞ்சின் ஆலையில் நூற்றுக்கணக்கில் செய்யப்பட்டன. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பெயரால் அமைந்த ஊர் அது. அங்கே 1950இல் வெளிவந்த முதல் நீராவி எஞ்சினுக்கும் 'தேசபந்து' என்றே பெயர். 1961இல் முதல் மின்சார எஞ்சின் வந்தது. அதற்கு 'லோகமான்யா' என்று பெயர். பிரதமர் நேரு அதைத் தொடங்கி வைத்தார்.

ஹவுரா பக்கத்துப் புறநகர்ப் பாதையில் மின்சார ரயில் அதற்கு முன்பே, 1957இல் வந்துவிட்டது. நம் சென்னையில் கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931இலேயே மின்சார ரயில் ஓடியது. அது மீட்டர் பாதை.

எண்பத்தேழில் ஒரு பங்கு

மாதிரி ரயில்களில் பல அளவுகள் உண்டு. உலகம் முழுவதும் அதிகம் புழங்குவது எண்பத்தேழில் ஒரு பங்கு. அதாவது, அசலில் 87 சென்டிமீட்டர் இருந்தால் மாதிரியில் 1 சென்டிமீட்டர். இந்த அளவுக்கு ஹெச்.ஓ. என்று பெயர். ஜெர்மன் மொழியில் 'பாதிப் பூஜ்யம்' என்று பொருள். முன்பு இருந்த பூஜ்ய அளவில் இது பாதி. அதனால் அந்தப் பெயர்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் 19 மீட்டர். அதாவது 1,900 சென்டிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் வரும். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து மேசைமேல் வையுங்கள். அந்த ஒரு சாண்தான் எஞ்சின்.

எடை எவ்வளவு? டபிள்யூ.ஏ.பி.4 எஞ்சினின் எடை சுமார் 113 டன். அதாவது 1,13,000 கிலோ. இதையும் 87ஆல் வகுத்தால் சுமார் 1,300 கிலோ வருகிறது. ஒரு சாண் பொம்மை 1,300 கிலோ இருக்குமா? மேசை உடைந்துவிடும்!

தவறு எங்கே? நீளம் மட்டுமா குறைகிறது? அகலமும் குறைகிறது, உயரமும் குறைகிறது. ஆகவே எடையை மூன்று முறை 87ஆல் வகுக்க வேண்டும். முதல் முறை 1,300 கிலோ. இரண்டாம் முறை 15 கிலோ. மூன்றாம் முறை சுமார் 170 கிராம். இரண்டு வாழைப்பழத்தின் எடை.

ஆனால் 170 கிராம் எஞ்சின் பெட்டிகளை இழுக்காது. சக்கரம் வழுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றும். அதனால் எஞ்சினுக்குள் ஈயம் அல்லது இரும்புத் துண்டு வைத்து எடையைக் கூட்டுகிறார்கள். அளவு பற்றி அவ்வளவு கறாராகப் பேசுகிறவர்களும் எடையில் மட்டும் விட்டுக்கொடுக்கிறார்கள். வேறு வழியில்லை.

வேகமும் அப்படித்தான். அசல் ரயில் மணிக்கு 110 கிலோமீட்டர் போனால், மாதிரி ரயில் வினாடிக்கு 35 சென்டிமீட்டர் போக வேண்டும். நாம் நடப்பதைவிட மெதுவு. பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை. அவர்கள் வேகமாக விடுவார்கள். வளைவில் ரயில் கவிழ்ந்து விழும்.

மேலே இருந்தா, கீழே இருந்தா?

அசல் எஞ்சினுக்கு மின்சாரம் மேலே இருந்து வருகிறது. கூரைமேல் மடங்கி விரியும் ஒரு சட்டம் இருக்கிறது. ரயில்வேக்காரர்கள் அதைப் 'பாண்டோ' என்பார்கள். அது மேலே செல்லும் கம்பியைத் தொட்டுக்கொண்டே போகும். கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. நம் வீட்டில் இருப்பது 230 வோல்ட்தான். எஞ்சினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைத்து மோட்டார்களுக்குத் தருகிறது. டபிள்யூ.ஏ.பி.4இல் ஆறு அச்சுகள். அச்சுக்கு ஒரு மோட்டார். வேலை முடிந்த மின்சாரம் சக்கரம் வழியே தண்டவாளத்தில் இறங்கித் திரும்புகிறது.

கொல்கத்தாவில் விஸ்வகர்மா பூஜை அன்று, செப்டம்பர் மாதத்தில், வானமெங்கும் பட்டம் பறக்கும். தொழிற்சாலைகளிலும் எஞ்சின் பணிமனைகளிலும் இயந்திரங்களுக்குப் பூஜை நடப்பதும் அதே நாளில்தான். ரயில் பாதை அருகே பட்டம் விடக்கூடாது என்று ரயில்வே எச்சரிப்பது இந்த 25,000 வோல்ட்டுக்காகத்தான். ஈர நூலும் மின்சாரத்தைக் கொண்டுவரும். கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, அருகே போனாலே உயிர் போகும்.

குட்டி எஞ்சினுக்கு மின்சாரம் கீழே இருந்து வருகிறது. இரண்டு தண்டவாளங்களிலும் 12 வோல்ட் அளவு மின்சாரம் ஓடும். ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். சக்கரம் அதை எடுத்து மோட்டாருக்குத் தரும். பிளஸ், மைனஸை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். கையால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. கூரைமேல் இருக்கும் சட்டம் பெரும்பாலும் அழகுக்குத்தான். ஆனால் அந்த அழகு சரியாக இல்லாவிட்டால் மாதிரி ரயில் பிரியர்கள் விடமாட்டார்கள்.

புது எஞ்சின் வந்தால்

இங்கிலாந்து எஞ்சின், ஜெர்மனி எஞ்சின், அமெரிக்க எஞ்சின் எல்லாம் மாதிரியாகக் கடையில் கிடைக்கும். இந்திய எஞ்சின் கிடைப்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. ஆகவே பலர் தாமே செய்துகொண்டார்கள். வெளிநாட்டு மாதிரியின் மோட்டாரையும் சக்கரத்தையும் எடுத்துக்கொள்வார்கள். அதன்மேல் அட்டையிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ நம் எஞ்சினின் உடலைச் செய்து வைப்பார்கள். மோட்டார், கம்பி, சிறு விளக்கு வாங்கக் கொல்கத்தாவில் சாந்தினி சவுக் கடைத்தெரு இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உடலை அச்சடித்தும் எடுக்கிறார்கள்.

ஆகவே இந்திய மின்சார எஞ்சின் மாதிரி ஒன்று புதிதாக வந்தால் அது பெரிய செய்தி. முதலில் மகிழ்ச்சி. அடுத்து அளவுகோல் வெளியே வரும். முகப்புக் கண்ணாடி சரியான சாய்வில் இருக்கிறதா? சிவப்பு அந்தச் சிவப்புதானா? ஒரே வகை எஞ்சினுக்குப் பணிமனைக்குப் பணிமனை வேறு வேறு நிறம் அடித்திருந்தார்கள். ஹவுரா எஞ்சினை நாள்தோறும் பார்த்தவர் ஒரு நிறம் சொல்வார். ஈரோடு எஞ்சினைப் பார்த்து வளர்ந்தவர் இன்னொன்று சொல்வார். இரண்டும் சரியாக இருக்கலாம். விலையைக் கேட்டதும் சிலர் பேசாமல் போய்விடுவார்கள்.

ஆனால் தீராத தகராறு ஒன்று உண்டு. அது தண்டவாளத்தின் அகலம் பற்றியது.

ஒரு துவரம்பருப்பு அளவு

உலகின் பல நாடுகளில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,435 மில்லிமீட்டர். நம் அகலப் பாதையில் அது 1,676 மில்லிமீட்டர். 5 அடி 6 அங்குலம். டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில் முடிவான அளவு அது. அவர் 6 அடி கேட்டார். கடைசியில் ஐந்தரை அடி முடிவானது. 1854இல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடிய முதல் ரயில் அந்த அகலத்தில்தான் ஓடியது.

1,435ஐ 87ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர். கடைகளில் விற்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் இந்த அகலம்தான். ஆனால் நம் 1,676ஐ வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு துவரம்பருப்பு அளவு.

அந்தத் துவரம்பருப்பு கண்ணுக்குத் தெரியும். நம் எஞ்சினை முன்னால் நின்று பாருங்கள். கால்களை அகட்டி வைத்து நிற்பது போல இருக்கும். அதே எஞ்சினின் மாதிரியை 16.5 தண்டவாளத்தில் வைத்தால், கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கும். பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

என்ன செய்யலாம்? 'இருக்கட்டும், ஓடினால் போதும்' என்பவர்களே அதிகம். 'எஞ்சினை இன்னும் கொஞ்சம் சிறிதாக, நூறில் ஒரு பங்கு அளவில் செய்வோம், அப்போது 16.5 சரியாகிவிடும்' என்பார்கள் சிலர். அப்படிச் செய்தால் பக்கத்தில் நிற்கும் குட்டி மனிதர்கள் எஞ்சினுக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரிவார்கள். அவர்கள் எண்பத்தேழு கணக்கில் செய்து விற்கப்படுபவர்கள்.

மூன்றாவது வழி, 19 மில்லிமீட்டர் தண்டவாளத்தைத் தானே செய்துகொள்வது. கணக்குப்படி இவர்களே சரி. ஆனால் கடையில் வாங்கும் எதுவும் அதில் ஓடாது. நண்பர் தம் எஞ்சினைக் கொண்டுவந்தாலும் ஓட்டிக் காட்ட முடியாது.

தமிழ்நாட்டில் வயதில் மூத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் பாதை. சென்ட்ரலிலிருந்து அகலப் பாதை. டில்லியிலிருந்து வருகிறவர் மதுரை போக வேண்டுமானால் சென்ட்ரலில் இறங்கி, மூட்டையோடு எழும்பூர் போய், வேறு ரயில் ஏற வேண்டும். அகலம் மாறினால் ரயில் நின்றுவிடும். மேசைமேல் நடப்பதும் அதுதான்.

சரியாகப் பொருந்தும் சக்கரங்கள்

இந்தத் தகராறு இல்லாத ரயில்களும் கொல்கத்தாவில் உண்டு. 1984இல் நாட்டின் முதல் மெட்ரோ ரயில் அங்கே ஓடத் தொடங்கியது. அது அகலப் பாதைதான். ஆனால் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போகும் புதிய மெட்ரோவின் பாதை 1,435 மில்லிமீட்டர். அந்தச் சுரங்கப் பாதையில் பயணிகள் செல்லத் தொடங்கியது 2024இல்.

இன்னொன்று டிராம். கொல்கத்தாவில் 1902இல் மின்சார டிராம் வந்தது. சாலையிலேயே தண்டவாளம், மேலே ஒரு கம்பி, மணி அடித்துக்கொண்டு மெதுவாகப் போகும் வண்டி. அதன் பாதையும் 1,435 மில்லிமீட்டர்தான்.

2024 செப்டம்பரில், எஸ்பிளனேடிலிருந்து மைதானம் வரை உள்ள ஒரு பாதையைத் தவிர மற்ற டிராம் பாதைகளைக் கைவிடுவதாக மாநில அரசு அறிவித்தது. வாகன நெரிசல் காரணம் என்றார்கள். வேண்டாம் என்று பலர் குரல் எழுப்பினார்கள். மாதிரி செய்கிறவர்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. கதவின் உயரம், படியின் அகலம், இருக்கையின் வரிசை எல்லாம் அசல் வண்டியில் ஏறி நாடாவைப் பிடித்து அளக்க வேண்டியவை. பழைய இரும்பாக விற்ற பிறகு எதை அளப்பது?

எஸ்பிளனேடில் ஒரு பழைய டிராம் வண்டியையே சிறு காட்சியகமாக்கி 2014இல் திறந்தார்கள். பெயர் 'ஸ்மரணிகா'. அந்த வண்டியை அளந்து எண்பத்தேழில் ஒரு பங்காகச் செய்தால், கடையில் வாங்கிய 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் அது அப்படியே உட்காரும். துவரம்பருப்பு அளவுகூட வித்தியாசம் இராது.