மறுப்புக் கடிதத்தில் இருந்த ஒரு வரி

ஆரணியில் பட்டுத் தறி நெய்யும் குடும்பம் எங்களுடையது. ஏழு வயதுப் பையனுக்கு நெஃப்ராடிக் சிண்ட்ரோம். சிறுநீரில் புரதம் இறங்கி, முகமும் காலும் வீங்கும் சிறுநீரகக் கோளாறு அது. வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்தோம். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி, டிஸ்சார்ஜுக்குப் பின் வாங்கிய மருந்துக்குக் கையை விரித்துவிட்டது. மேல்முறையீடு செய்து வாங்கினோம். அதில் தெரிந்துகொண்டவை இவை.

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போனில் "அது கவர் ஆகாதுங்க" என்றால் அதோடு விடாதீர்கள். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்பதைக் கம்பெனி குறிப்பிட்டாக வேண்டும் என்கிறது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 சுற்றறிக்கை. எங்களுக்கு வந்த கடிதத்தின் சாரம் ஒரே வரிதான்: மைகோஃபீனோலேட், மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்கான மருந்து; இந்த நோயோடு தொடர்பில்லாதது.

அந்த வரிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பாவில் அறுந்த இழையைக் கண்டுபிடித்துத்தானே முடிச்சுப் போடுகிறோம்? குடும்பக் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. கடிதத்தை டாக்டரிடமே காட்டினோம். ஸ்டீராய்டைக் குறைத்தால் இவனுக்கு நோய் திரும்புகிறது, அதைத் தடுக்கவே இந்த மருந்து என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, சேர்த்த தேதியும் மருந்தின் அளவும் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார்.

நாள் கணக்கைப் பாருங்கள். எங்கள் பாலிசியில் டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து 60 நாள் வரைதான் மருந்துச் செலவு உண்டு. அதற்குள் வாங்கிய பில்களை மட்டும் வைத்தோம். மருந்துக்கடை பில்லில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

படிப்படியாகப் போங்கள். தறியை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போச்சு. அதனால் எல்லாவற்றையும் மெயிலிலேயே அனுப்பினோம். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரி. எங்களுக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் பதியலாம். கம்பெனியிடமிருந்து ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்கு அது திருப்தியில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி இருக்கிறது.

இப்போதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வருவதற்கு முன்பே டாக்டரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே அது எதற்கு என்று நாலு வார்த்தை எழுதிவிடுங்கள் சார். அவருக்கு அரை நிமிட வேலை. நமக்கு அடுத்த மேல்முறையீடு மிச்சம்.