தென்னையின் இரு பகைவர்

நெடுங்காலம் விட்டுப் பிரிந்த வளவுக்குத் திரும்பும் நாம் முதலில் நடுபவற்றுள் தென்னம்பிள்ளையும் ஒன்று. அது காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். அதற்குள் அதைக் கொல்லவல்ல வண்டுகள் இரண்டு உள்ளன. இரண்டையும் "வண்டு" என்றே சொல்லி ஒரே மருந்தைத் தேடுகிறோம். ஆனால் அவற்றின் வாழ்விடமும் வாழ்க்கை முறையும் வெவ்வேறானவை.

கருவண்டு

காண்டாமிருக வண்டு என்பதும் இதுவே. தலையில் கொம்பு உண்டு. இரண்டு அங்குலம் வரை வளரும். இதன் வெண்புழு உக்கிய தென்னங்குற்றியிலும் சாணக் குவியலிலும் சில மாதங்கள் வளரும். பச்சை மரத்தைத் தொடாது. தீங்கு செய்வது வளர்ந்த வண்டே. இரவில் பறந்து வந்து, விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றை உண்ணும். அந்த ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போலத் தெரியும். 1909இல் இலங்கையிலிருந்து சமோவாவுக்குச் சென்ற இறப்பர் கன்றுகளோடு இவ்வண்டும் போய், அங்கும் தென்னைக்குப் பெரும் பகையாயிற்று.

செவ்வண்டு

செம்பழுப்பு நிறமும் வளைந்த நீண்ட மூக்கும் உடையது. மரத்தின் காயங்களில் முட்டையிடும். சில நாட்களில் வெளிவரும் காலற்ற புழு தண்டின் உட்பகுதியைத் தின்று, நாரினால் கூடு கட்டி, உள்ளேயே வண்டாகும். இங்கே தீங்கு செய்வது புழுவே. வெளியே தெரிவன சிறு துளையும், வடியும் கபில நிறச் சாறும், மென்ற நாருமே. தென்னைக்கு வளரும் முனை ஒன்றுதான். நடுக்குருத்து வாடினால் மரத்தைக் காப்பது அரிது.

கருவண்டு துளைத்த காயமே பல வேளைகளில் செவ்வண்டுக்கு வாசலாகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. பட்ட மரங்களையும் குற்றிகளையும் துண்டாக்கி எரிப்போம்.
2. எருக்குழியை அடிக்கடி புரட்டி வெண்புழுக்களைப் பொறுக்கி அழிப்போம்.
3. குருத்துத் துளையில் கம்பிக் கொக்கியை விட்டுக் கருவண்டை எடுப்போம்.
4. தண்டில் கத்தி படாமல் பார்ப்போம். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் நான்கடி விட்டு வெட்டுவோம். காயத்துக்குத் தார் பூசுவோம்.

போர் 2009இல் முடிந்த பின்னும் பல காணிகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. அத்தகைய காணியில் உக்கும் குற்றியில் பிறக்கும் வண்டுக்கு வேலி ஒரு தடையல்ல. ஆகவே ஒரு வளவை மட்டும் துப்புரவாக்குவது போதாது.

கலந்துரையாடுவோம்

நமது ஊரில் உரியவர் இன்னும் திரும்பாத வளவுகள் எவை? அவர்களின் சம்மதத்துடன் அங்குள்ள குற்றிகளை அகற்ற எந்த நாளில் ஒன்றுகூடுவோம்?