நாற்றுடனும் விதைநெல்லுடனும் வரும் பகைகளை இனங்காணல்



பயிரின் பகைகளுட் சில பறந்து வருகின்றன. சில நாம் பணங் கொடுத்து வாங்கும் நாற்றிலும் எருவிலும் விதைநெல்லிலும் ஒளிந்து வருகின்றன. பின்னவற்றைப் படலையிலேயே மறித்தல் எளிது. நிலத்துட் புகுந்தபின் அகற்றுவதாயின் பல போகங்கள் செல்லும்.

காரைதீவின் கடற்கரைப் பக்கத்து மணற்றோட்டங்களுக்கு மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்களை வெளியிலிருந்து கொண்டுவருவோர், நடுவதற்கு முன் ஒவ்வொரு கட்டிலும் நாலைந்து கன்றுகளை எடுத்து, வாளி நீரில் வேரை மெல்ல அலசி, அம்மண்ணை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தல் வேண்டும். காணும் புழுக்கள் யாவும் பகையல்ல. முதலிற் கால்களைப் பாருங்கள். காலின்றி உடல் வளையம் வளையமாய் இருப்பது மண்புழு. நூல்போல் வெளுத்த சிறு புழுக்கள் பெரும்பாலும் மக்கிய எருவைத் தின்பனவே. மரவட்டைக்குக் கால்கள் மிகப் பல. அதற்குச் சருகே முதல் உணவு. மூன்று சோடிக் கால்களும் பழுப்புத் தலையுமாய் வில்போல் வளைந்து கிடக்கும் தடித்த வெள்ளைப் புழு, வண்டின் குடம்பி. வேரைத் தின்னும் இனங்கள் இதில் உண்டு. மாட்டெருவிற் பெரிதாய்க் கிடப்பது தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் குடம்பியாயிருக்கலாம். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். தொட்டவுடன் சுருளும் சாம்பல்நிறப் புழு, இரவில் இளந்தண்டை அறுக்கும் வெட்டுப்புழு.

இவை எல்லாவற்றினும் கொடியது கண்ணுக்குப் புலப்படாதது. வேர்முடிச்சு வட்டப்புழு மணற்பாங்கான நிலத்தில் மிகச் செழிக்கும். புழுவைத் தேடவேண்டாம், வேரைப் பாருங்கள். வேரே ஆங்காங்கு வீங்கிக் கழலைபோற் காணின், அக்கட்டு முழுவதையும் எரித்துவிடுங்கள். விலை கொடுத்த நாற்றாயிற்றே என்று இரங்கி நட்டால், நிலமே கெடும். பயறு, கௌபி, கச்சான் வேரிலுள்ள முடிச்சுக்களை இதனோடு மயங்கலாகாது. அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் உருட்டினாற் கழன்றுவிடும். பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாய் இருக்கும். அவை பயிருக்குத் தழைச்சத்து ஊட்டுவன.

இயன்றவரை நாற்றை நீங்களே வளர்த்தல் நன்று. மேடைமீது வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, மண் ஆறியபின் விதையிடுக.

இனி வயலுக்கு வருவோம். அம்பாறை மாவட்டத்தில் 1990 அளவில் அறியப்பட்ட களைநெல், பெரும்பாலும் விதைநெல்லின் வழியாகவே பரவுகின்றது. சிலர் இதனைப் பன்றிநெல் என்பர். இளமையில் இதனைப் பயிரினின்றும் பிரித்தறிதல் அரிது. கதிர் வந்தபின் உயர்ந்து நிற்கும். பலவற்றில் மணியின் நுனியில் நீண்ட கூர் இருக்கும். அறுவடைக்கு முன்பே மணி உதிர்ந்து மண்ணில் உறங்கிக் கிடக்கும்.

விதைநெல்லை உப்புநீரிலிட்டுப் பதரை நீக்கும் நல்ல வழக்கம் இங்கே உதவாது. களைநெல்லின் முற்றிய மணி பயிர்நெல்லைப் போலவே அமிழும். ஆகையால் ஒவ்வொரு சாக்கின் மேல், நடு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, உமி நீக்கிப் பாருங்கள். வெள்ளை அரிசியினத்திற் சிவந்த மணிகள் கலந்திருப்பின் அவ்விதையை விதைக்கலாகாது. ஏ.ரி. 362 போன்ற சிவப்பினங்களில் இச்சோதனை பயன்படாது; அவற்றுக்கு உறுதிப்படுத்திய விதையே தக்கது.

களைநெல் முன்னரே விழுந்த வயலில், முதலுழவின் பின் ஈரம் வைத்து, ஏறக்குறைய இரு வாரம் முளைக்கவிட்டு, மறுபடி உழுது மடியுங்கள். எஞ்சியவற்றை மணி முற்றுமுன் பிடுங்குக. அயல்வட்டையிலிருந்து வரும் அறுவடை இயந்திரத்தை, உள்ளே தங்கிய நெல்லைத் துப்புரவாக்கிய பின்னரே வரம்பு தாண்ட விடுங்கள்.